கனியக்கா தலைவராக இருந்த காலம்

அயர்லாந்துக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். வெளியே தூறல். கையில் நனைந்துபோன துண்டுப் பிரசுரங்கள், காலில் சேறு. தன் பெயர் பிரெண்டன் என்றும், கவுன்சில் தேர்தலில் நிற்பதாகவும் சொன்னார். நான் அவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தேன். பின்னால் கொடி கட்டிய வண்டி இல்லை, கும்பிட்டபடி நிற்கும் கூட்டம் இல்லை, பட்டாசு வெடித்த புகை இல்லை. எதிர்வீட்டுக் கதவை ஒரு பெண்பிள்ளை தட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய மகளாம். வேட்பாளர் என்றால் கோவில்பட்டிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு மனதில் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தமே இல்லாமல் ஒரு வேட்பாளர் என் வாசல் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று கேட்டார். இரண்டு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அடுத்தபடியாக ஏதோ ஒன்று நடக்கும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து என் மனைவி செல்வி, "எதுவும் குடுப்பாவளோ?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் என்ன சொல்கிறாள் என்று பிரெண்டன் கேட்டார். உங்களுக்குக் குளிருமே, உள்ளே வரச் சொல்கிறாள் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, "இங்கே உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டார். ஊரில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் இதே கேள்வியைக் கேட்டால் அது விசாரிப்பு இல்லை, எச்சரிக்கை. "ஒரு பிரச்சினையும் இல்லை சார்" என்று அவசரமாகச் சொன்னேன். அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் இல்லை என்றேன். கடைசியில் செல்விதான், பேருந்து நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை, வேலை முடிந்து வரும்போது பயமாக இருக்கிறது என்று சொன்னாள். அவர் அதைத் தன் கைபேசியில் பதிந்துகொண்டு, "கிராண்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். நம்மூரில் கல்யாணத்தைத்தான் கிராண்டாக நடத்துவோம். இவர்களுக்குச் சரி என்பதும் கிராண்ட், வேண்டாம் என்பதும் கிராண்ட், பரவாயில்லை போ என்பதும் கிராண்ட்.

தேர்தலுக்கு முன்பே அந்த விளக்கு எரிந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பார்த்தவரிடமெல்லாம் அதைச் சொன்னேன். இந்த நாட்டின் குடிமகனாக இல்லாவிட்டாலும், இங்கே வசித்தால் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பதே எனக்குப் புதிது. ஒரு பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கையில் கொடுத்து, பிடித்தவர்களுக்கு வரிசையாக ஒன்று, இரண்டு என்று எண் போடச் சொன்னார்கள். நானும் செல்வியும் பிரெண்டனுக்கு ஒன்று போட்டோம். வெளியே வந்து என் அக்காவுக்கு, கனியக்காவுக்கு, போட்டோ அனுப்பினேன். அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. "அங்கன லைட்டு எரிஞ்சதுக்கு ஓட்டுப் போட்டியாக்கும். நல்லதுலே. நாம இங்கன எதுக்குப் போட்டோம்னே எனக்கு மறந்துபோச்சு." அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சண்முகக்கனி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. வீட்டில் ஆடுகள், மானாவாரியாகக் கொஞ்சம் நிலம். மழை பெய்தால் கரிசல் காலை விடாது, காய்ந்தால் வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். அக்கா காலையில் தீப்பெட்டிக் கம்பெனி வேனில் ஏறிப் போவாள், பொழுதுசாயத் திரும்பி ஆடுகளைப் பார்ப்பாள். நான் நர்ஸிங் படித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்தது அவள் உழைப்பில்தான். கல்யாணமான பிறகும் அதே ஊரில்தான் இருந்தாள். மாரியப்பன் அத்தான் லோடு ஆட்டோ ஓட்டினார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அந்த முறை எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். உடனே அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தேர்தல் வந்தால் ஊருக்குள் சண்டை வரும், அதனால் கோயிலுக்கு யார் அதிகம் செய்கிறார்களோ அவர்கள் வீட்டுப் பெண்ணை எல்லோருமாகத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று பேச்சு. நாலைந்து லாரி வைத்திருந்த தங்கராசு, கோயிலுக்கு மண்டபமே கட்டித் தருவதாகச் சொன்னார். அவர் மனைவி தலைவர் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த நானும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். பெண்கள் பக்கமிருந்து கனியக்கா எழுந்தாள்.

"தலைவர் பதவிய கோயில் வாசல்ல ஏலம் விட்டா, அப்புறம் ஓட்டுப்பெட்டி எதுக்கு அண்ணாச்சி?"

"ஏட்டி, பொம்பளையாளு உக்காரு" என்று ஒரு குரல் வந்தது.

"பொம்பளையாளுக்குன்னுதான பதவியே வந்திருக்கு. நான் எதுக்கு உக்காரணும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவள் வேட்பாளர் ஆனாள் என்று நினைக்கிறேன். மறுநாளே மனுத் தாக்கல் செய்தோம். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் வேனிலேயே அவளுக்காக ஓட்டுக் கேட்டார்கள். அத்தான் லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார். நான் லீவை நீட்டித்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும், அது நின்றால்தான் கிணறுகளில் குடிதண்ணீர் நிற்கும், அதைப் பார்த்துக்கொள்வேன் என்பதுதான் அவள் கொடுத்த ஒரே வாக்கு. எதிர்த்தரப்பு ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடுவீடாகக் கவனித்துவிட்டுப் போனது. ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு அக்காவுக்கே ஓட்டுப் போட்டார்கள். அன்று எனக்கு இந்த உலகத்தின் மேல் வந்த நம்பிக்கை அதற்குப் பிறகு வந்ததே இல்லை. யூனியன் ஆபீசில் ஓட்டு எண்ணி முடிந்து லோடு ஆட்டோவில் திரும்பினோம். ஊர் எல்லையிலிருந்து வண்டிக்கு முன்னால் ஆட்டம். மாலைகளுக்கு நடுவிலிருந்து அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, நெசமாவே நம்மள நம்பிட்டாவலே" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

பதவியேற்று முதல் நாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர் நாற்காலியை இழுத்துத் துடைத்து அத்தானுக்குப் போட்டார். அத்தான் கூச்சத்தோடு, "அவதான் தலைவரு" என்றார். "அதுக்கென்ன, நீங்க உக்காருங்க" என்று பதில் வந்தது. அன்று அத்தான் உட்காரவில்லை. ஆனால் அடுத்த பொங்கலுக்குள் பழகிவிட்டார். ஊரில் எல்லோரும் அத்தானைத் தலைவர் என்றும், அக்காவைத் தலைவரம்மா என்றும் கூப்பிட்டார்கள். அதிகாரிகள் வந்தால் அத்தானிடம் பேசிவிட்டு அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்கள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத அத்தான் சத்தம் போடக் கற்றுக்கொண்டார். நான் அயர்லாந்து வந்தது அந்தச் சமயத்தில். இதற்குப் பின் நடந்ததெல்லாம் எனக்குத் தொலைபேசி வழியாகத்தான் தெரியும். ஊரில் வெயில் உச்சியில் நிற்கும்போது எனக்கு இங்கே விடிந்திருக்கும். சீருடை மாட்டிக்கொண்டே அக்காவின் குரலைக் கேட்பேன்.

கண்மாயைத் தூர்வாரித் தருகிறேன் என்று தங்கராசு வந்தாராம். தோற்றவர் ஊருக்கு நல்லது செய்ய வருகிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதல் சில நாட்கள் டிராக்டரில் வண்டலை அள்ளிப் புஞ்சைகளில் கொட்டினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பிறகு பெரிய இயந்திரம் வந்தது, லாரிகள் வந்தன. வண்டலுக்குக் கீழே கரிசல், அதற்கும் கீழே இருந்த சரள் மண் வரை தோண்டி வெளியூருக்கு ஏற்றினார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் இறங்கினால் மடைக்கு ஏறாது. மடைக்கு ஏறாவிட்டால் கிணறுகளுக்குப் போகாது. அக்கா போய், நிறுத்துங்கள் என்றாள். அத்தான் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தது அங்கே வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தோண்டுவதற்கான அனுமதியில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். விஷயம் கிராமசபைக்குப் போனது. கண்மாயில் தோண்டலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். தூக்கினார்கள். பையன்களுக்கு லாரியில் வேலை, கோயிலுக்குச் சொன்ன மண்டபம். லோடு ஆட்டோவுக்கு முன்னால் ஆடியவர்களின் கைகளையெல்லாம் அவள் மேடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். தெருவிளக்குப் பணத்தில் கையாடல் செய்துவிட்டாள் என்று அவள்மேல் புகார் போனது. விசாரணை முடியும்வரை கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். குற்றம் எதுவும் இல்லை என்று முடிவானபோது கண்மாயில் தோண்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

அதிகாரம் போன பிறகுதான் அவள் அதைச் செய்தாள். ஒரு காலை, அத்தானிடம் சொல்லாமல், தன்னந்தனியாகப் போய் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழக்கே காலனியிலிருந்து பெண்கள் வந்தார்கள். முதலில் வற்றியது அவர்கள் கிணறுதான். முன்னால் வந்த பேச்சியம்மாள் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாளாம்: "நாங்க ஒங்களுக்கு ஓட்டுப் போடல தலைவரம்மா. தண்ணிக்கு வந்திருக்கோம்."

இதை என்னிடம் சொன்னபோது அக்கா, "நான் ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்குப் போவவே இல்லலே. போனா நம்ம தெரு ஓட்டு போயிரும்னு சொன்னாவ. போட்டவன் ஒருத்தன் வரல. போடாதவிய வந்து உக்காந்திருக்காவ" என்றாள்.

இயந்திரம் அன்று திரும்பிப் போனது. சில நாள் கழித்துப் போலீசோடு வந்தது. பெண்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அந்தக் கோடை முழுவதும் லாரிகள் ஓடின.

அதனால்தான் இங்கே பேருந்து நிறுத்தத்து விளக்கு எரிந்தபோது நான் அவ்வளவு குதித்தேன். இப்படியும் ஒரு தேர்தல் உண்டு என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ஊரிலிருந்து நண்பர்கள், "அங்க எல்லாம் ஒழுங்கா நடக்குமாமே" என்று கேட்கும்போது ஆமாம் ஆமாம் என்றேன். இங்குள்ள நம் ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஊர்க் கட்சிகளுக்காக ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்வார்கள். அங்கே போய் அந்த விளக்கைப் படம் பிடித்துப் போட்டேன். ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டார். மற்றவர்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

பிரெண்டன் ஜெயித்தார். அந்த இலையுதிர் காலத்தில், இங்கே நாங்கள் இருக்கும் ஊரில் மூடிக்கிடந்த ஓட்டலில் அகதிகளைத் தங்கவைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஓட்டல் வாசலில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஊர் நிரம்பிவிட்டது, இனி இடமில்லை என்று அட்டை பிடித்தபடி நின்றார்கள். நான் வேலைக்குப் போகும் வழி அதுதான். தலையைக் குனிந்து நடந்தேன். கூட்டத்தில் எங்கள் முதியோர் இல்லத்துப் பாட்டி ஒருவரின் மகன் நின்றார். முந்தின வாரம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை நீ பார்த்துக்கொள்வதுபோல் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். முன்வரிசையில் பிரெண்டன் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். ஓடிவந்து தோளைத் தட்டி, "உன்னைச் சொல்லவில்லை. நீ வேலை பார்க்கிற ஆள். யூ ஆர் கிராண்ட்" என்றார்.

"நான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன்" என்றேன். நான் சொன்னது குற்றச்சாட்டு. அவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்து கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த முறையும் மறக்காதே என்றார். அந்தக் கைகுலுக்கலை அட்டை பிடித்தவர்கள் பார்த்தார்கள். இதோ, வந்தவர்களில் நல்லவனே நம் பக்கம் இருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

பிரெண்டன் கெட்டவர் இல்லை. ஓட்டு எங்கே கூடி நிற்கிறதோ அங்கே போய் அவரும் நின்றார். தங்கராசும் அதைத்தான் செய்தார். ஒருவர் விளக்குப் போட்டார், ஒருவர் மண்டபம் கட்டினார். வாங்கிக்கொண்ட நாங்கள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. இங்கே கூட்டம் இல்லை, பட்டாசு இல்லை, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். அந்த மரியாதையையே நியாயம் என்று நான் எண்ணிவிட்டேன். நியாயம் யாருக்கு வேண்டுமோ அவர்களால் ஓட்டு வராதென்றால், இங்கேயும் யாரும் அவர்கள் கதவைத் தட்டுவதில்லை. அந்த ஓட்டலுக்கு வரவிருந்தவர்கள் கடைசிவரை வரவில்லை. வேறெங்கோ அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

போன அக்டோபரில் ஊருக்குப் போனேன். அக்காவின் பதவிக்காலம் முடிந்திருந்தது. அடுத்த தேர்தலை நடத்தவில்லை. தனி அலுவலர் ஒருவர் நிர்வாகம் பார்க்கிறார். ஓட்டுப் போட்டுத் தோற்றோம் என்று சொல்லக்கூட இப்போது ஊரில் வழியில்லை. அக்கா என்னைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனாள். கல்குவாரிபோல் கிடந்தது. பள்ளங்களில் பச்சைத் தண்ணீர், கரையெல்லாம் சீமைக்கருவேலம். மடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு நிலம் தோண்டப்படாமல் மேடாக நின்றது. அங்கேதான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "இத மட்டும் தொடல. ஏன்னு தெரியல. நாங்க மறுபடியும் வந்திருவோம்னு பயந்தானோ என்னமோ" என்றாள் அக்கா.

வீட்டுக்குத் திரும்பினால், பேச்சியம்மாள் நடு அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். காலனியிலிருந்து ஒருவர் எங்கள் தெருவில் வீட்டுக்குள் வந்து உட்கார்வதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அத்தான்தான் காப்பி போட்டுக் கொடுத்திருந்தார். அவர் இப்போது ஆடு மேய்க்கிறார். அக்காவோடு பல மாதம் பேசாமல் இருந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாற்காலின்னா என்னன்னு எனக்குத் தெரியாது மாப்ளே. உக்காந்தபெறவு எந்திரிக்க முடியல" என்றார். பக்கத்து வீடுகளில் ஆயிரம் பேசுகிறார்கள். கோயில் வரிகூட இவர்களிடம் வாங்குவதில்லையாம். அக்கா கவலைப்படவில்லை. இரண்டு தெருப் பெண்களுமாகத் திங்கட்கிழமைகளில் பஸ் ஏறித் தூத்துக்குடி போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார்கள்.

"அஞ்சு வருசம் தலைவரா இருந்தேன். இவிய வீட்டு வாசல்ல ஒரு நா போயி நிக்கல" என்றாள் அக்கா.

பேச்சியம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நின்னிருந்தா மட்டும் ஓட்டுப் போட்டிருப்பமாக்கும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

காந்தி ஜெயந்தியன்று பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை. சாமியானா போட்டிருந்தார்கள். இனிக் கண்மாயிலிருந்து ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது, பள்ளங்களை மூடித் தர வேண்டும் என்று பெண்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தனி அலுவலர் வெளியூர்க்காரர், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகிற அவசரத்தில் இருந்தார். தங்கராசு முன்வரிசையில் இருந்தார். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் அக்கா, பேச்சியம்மாள், காலனிப் பெண்கள், எங்கள் தெருவிலிருந்து தயங்கித் தயங்கிச் சில பேர் கையைத் தூக்கினார்கள். கடைசியில் நின்ற அத்தானும் தூக்கினார். என் கையும் மேலே போயிருந்தது.

முன்னாலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். என்னோடு படித்தவர்தான். "நீங்க வெளிநாட்டுல இருக்கிய அண்ணாச்சி. ஊர் விசயம் இது, கைய இறக்குங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சிலர் ஆமாம் என்றார்கள். கை தானாகத் தாழ்ந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே, "இறக்காதலே" என்றாள்.

தனி அலுவலர் விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். அந்த விரல் எனக்கு நேராக வந்து ஒரு கணம் நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், தங்கராசைப் பார்த்தார், பிறகு அடுத்த ஆளுக்குப் போனார். எதிர்ப்பவர்களையும் எண்ணிவிட்டு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கிறது, முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜனங்கள் கலைந்தார்கள். நான் தோள் உயரத்துக்கு இறங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். அது தூக்கிய கையா, இறக்கிய கையா, என்னை அந்த ஊர்க் கணக்கில் சேர்த்தாரா, விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.